பாவாடை முடிச்சின் கீழ் ஒரு கறுப்புப் பொருக்கு

திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் எல்லாம் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 58 வயது. வீட்டில் இரண்டு கறவை மாடுகள். தினமும் ஏரிக்கரையில் உட்கார்ந்து புல் அறுத்துக் கட்டிக்கொண்டு வருவார். நூறு நாள் வேலை இருந்தால் அதற்கும் போவார். தீபாவளி முடிந்த வாரத்தில் குளிர் காய்ச்சல் ஆரம்பித்தது. தலை பிளக்கும் வலி, அடித்துப் போட்டதுபோல் உடம்பு உளைச்சல். மூன்றாம் நாள் பக்கத்து ஊர் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை, வைடால் பரிசோதனை ‘பாசிட்டிவ்’. டைபாய்டு என்று சொல்லி ஐந்து நாள் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டார்கள். காய்ச்சல் அசையவில்லை. ஒன்பதாம் நாள் இரவு மூச்சு வாங்கத் தொடங்கியதும் கார் பிடித்து நகரத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கே இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டர் நர்ஸ் ஒருவரைக் கூப்பிட்டு, துணியை விலக்கி உடம்பு முழுக்கப் பார்க்கச் சொன்னார். இடது இடுப்பில், பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கறுப்பாய் ஒரு பொருக்கு. ‘ஸ்க்ரப் டைபஸ்’ என்று சொல்லி அந்த ராத்திரியே மருந்தை மாற்றினார்கள். நான்கு நாள் ஐசியூ, ஆக்சிஜன். அங்கே சேர்த்த பத்தாவது நாள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். செலவு 1,80,000 ரூபாய். வாசகியின் வளையல்கள் அடகுக் கடையில் இருக்கின்றன.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது வீட்டில் வேறு குழப்பங்கள். ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று கேள்விப்பட்ட அக்கம்பக்கத்தார், வீட்டு நாயைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடச் சொல்கிறார்கள். ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கும் தங்கை, தொற்றிக்கொள்ளுமோ என்று தாய்வீட்டுக்கு வரப் பயப்படுகிறார். வாசகியின் ஒன்பது வயது மகனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அம்மாவுக்குக் கொடுத்த டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஆறு மிச்சம் இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா? குழந்தைகளுக்குக் கொடுத்தால் பல் கறுத்துவிடும் என்கிறாரே மருந்துக்கடைக்காரர்? தம்பி, வீட்டில் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறார். பெரிய மருத்துவமனையில் இரண்டு ஆன்டிபயாட்டிக்கைச் சேர்த்துப் போட்டது பில்லை ஏற்றத்தானா? கடைசியாக, அடிக்கோடிட்டு: “அந்த முதல் டாக்டர் மீது கேஸ் போடலாமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

பையனுக்குக் காய்ச்சல் என்று படித்ததும் அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பினேன். மறுநாள் காட்டியதாகவும், மூக்கொழுகலோடு வந்த சாதாரணச் சளிக் காய்ச்சல் என்றும், இரண்டே நாளில் விட்டுவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். நல்லது. ஆனால் இதே கேள்வி பல வீடுகளில் இருக்கும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மிச்ச மாத்திரையைக் கொடுக்காதீர்கள். காரணம் பல் அல்ல. டெட்ராசைக்ளின் என்ற பழைய மருந்து, வளரும் குழந்தைகளின் பல்லில் கறை ஏற்படுத்தியது உண்மை. டாக்ஸிசைக்ளின் அதே குடும்பம் என்பதால் அந்தப் பழி இதன் மீதும் விழுந்தது. ஒரு வாரம் கொடுக்கும் டாக்ஸிசைக்ளினால் பல் கறை படிவதில்லை என்பது இன்று தெளிவாகத் தெரியும். ஸ்க்ரப் டைபஸ் என்று சந்தேகம் வந்துவிட்டால் குழந்தைக்கும் முதல் மருந்து அதுதான். பல்லுக்குப் பயந்து உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்று மருந்துக்கடைக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஆனால் அளவு எடையைப் பொறுத்தது. அம்மாவின் மாத்திரை ஒன்பது வயதுக்குப் பொருந்தாது. அதைவிட முக்கியம், இரண்டு நாள் காய்ச்சலில் பையனைப் பார்த்துத் தீர்மானிக்க ஒரு ஆள் வேண்டும்.

அது இருக்கட்டும், அந்த ஆறு மாத்திரை ஏன் மிஞ்சியது? ‘நெஞ்சு எரிகிறது’ என்று அம்மா நிறுத்திவிட்டதாக நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். டாக்ஸிசைக்ளின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். சாப்பிட்ட பிறகு, பெரிய டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி விழுங்க வேண்டும். விழுங்கிய உடனே படுக்கக் கூடாது. பால், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட் ஆகியவற்றோடு சேர்த்துப் போட்டால் மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதுகிறவர்கள் இதை வாயால் சொல்வதில்லை. டாக்டர்களான எங்கள் பக்கக் குறை அது. மூன்று வாரமாகக் காய்ச்சல் திரும்பவில்லை என்பதால் இப்போது மறுபடி தொடங்க வேண்டாம். காய்ச்சல் வந்தால் மட்டும், ‘பாதியில் நிறுத்தினோம்’ என்பதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாய் என்ன பாவம் செய்தது?

இந்த நோய்க்குத் தமிழில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று பெயர் விழுந்ததுதான் வினை. செய்தித்தாள்களும் அப்படியே எழுதுகின்றன. உண்ணி என்றதும் நமக்கு நாயின் காதும் மாட்டின் மடியும்தான் நினைவுக்கு வரும். உங்கள் அம்மாவைக் கடித்தது அந்த உண்ணி அல்ல.

மழை பெய்து ஓய்ந்ததும் மண்ணில் செக்கச் சிவப்பாக, வெல்வெட் துணிபோல மெத்தென்று ஊர்ந்து வரும் பட்டுப்பூச்சியைச் சின்ன வயதில் தீப்பெட்டியில் பிடித்து வைத்திருப்பீர்கள். சில ஊர்களில் தம்பலப்பூச்சி என்பார்கள். அது சாது. அதற்கு நெருங்கிய சொந்தமான வேறு ஒரு பூச்சியின் குஞ்சுதான் இங்கே குற்றவாளி. முட்டையிலிருந்து வந்த பருவத்தில் அதன் நீளம் கால் மில்லிமீட்டர்கூட இராது, கண்ணுக்குத் தெரியாது. வாழ்நாளில் அந்த ஒரு பருவத்தில் மட்டும்தான் அது உயிருள்ள உடம்பைத் தேடும். புல் நுனியிலும் சருகிலும் காத்திருந்து, எலியோ பெருச்சாளியோ போனால் ஏறிக்கொள்ளும். எலி வரும் வழியில் உங்கள் அம்மா உட்கார்ந்தால் அவர் மீது ஏறும். துணி இறுக்கும் இடம்வரை ஊர்ந்துபோய் அங்கே நிற்கும். பொருக்கு பாவாடை முடிச்சில், ஜாக்கெட் விளிம்பில், அரைஞாண் கயிற்றடியில் இருப்பதற்குக் காரணம் இதுதான். கடிப்பது வலிக்காது, பெரும்பாலும் அரிக்காது. தாய்ப்பூச்சி தன் முட்டை வழியாகவே கிருமியைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துவிடுவதால், ஒரு திட்டுப் புல்வெளியில் ஆண்டுக்கணக்கில் நோய் தங்கிவிடும். பத்தடி தள்ளி ஒன்றும் இருக்காது. ஏரிக்கரையில் ஒரே நாளில் நாலு பேர் புல் அறுத்தும் ஒருவர் மட்டும் படுப்பது இதனால்தான்.

ஆகவே நாயை விட்டுவிட வேண்டாம். நாய் உண்ணியால் வருகிற காய்ச்சல் ஒன்றும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘இந்திய உண்ணி டைபஸ்’ என்பார்கள். உடம்பில், உள்ளங்கை உள்ளங்கால் உட்பட, சிவந்த புள்ளிகள் வரும். ஸ்க்ரப் டைபஸைப் போலவே இதுவும் ரிக்கெட்சியா என்ற கிருமிக் குடும்பத்தால் வரும் நோய்தான். இதற்கும் மருந்து அதே டாக்ஸிசைக்ளின். எலித் தெள்ளுப்பூச்சியால் வருவது மூன்றாவது வகை. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே அதிகம் ஸ்க்ரப் டைபஸ், கண்டிப் பக்கம் மலையகத்தில் அதிகம் புள்ளிக் காய்ச்சல். நாய்க்குக் கால்நடை மருத்துவமனையில் உண்ணி மருந்து வாங்கிப் போடுங்கள். உண்ணியைப் பிடுங்கி வெறுங்கை நகத்தால் நசுக்காதீர்கள். அது போதும்.

தங்கை தாராளமாக வரலாம். மனிதரிடமிருந்து மனிதருக்கு இந்த நோய் தொற்றாது. அம்மாவின் தட்டில் சாப்பிட்டாலும், பக்கத்தில் படுத்தாலும் ஒன்றும் ஆகாது. அவருக்கு ஆபத்து அம்மாவிடம் இல்லை, கொல்லைப்புறப் புல்லில் இருக்கிறது. கர்ப்பிணிக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் கருவுக்கே ஆபத்து. அதனால் அவர் புல்லில் உட்காருவது, வேலியோரம் ஒதுங்குவது எதுவும் வேண்டாம். காய்ச்சல் வந்தால் முதல் நாளே டாக்டரிடம் போய் ‘எங்கள் வீட்டில் ஸ்க்ரப் டைபஸ் வந்தது’ என்று சொல்லட்டும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் என்ற வேறு மருந்து இருக்கிறது.

எல்லாருக்கும் ரத்தம் எடுக்க வேண்டும் என்ற தம்பியைத் தடுத்துவிடுங்கள். காய்ச்சல் இல்லாதவருக்கு அந்தப் பரிசோதனை எதையும் சொல்லாது. சென்ற ஆண்டு சத்தமில்லாமல் வந்துபோன தொற்றுக்குக்கூட ‘பாசிட்டிவ்’ காட்டிப் பயமுறுத்தும்.

டைபாய்டும் டைபஸும்

உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் ‘டைபாய்டு முற்றி டைபஸ் ஆகிவிட்டது’ என்று இருக்கிறது. அப்படி ஆகாது. காய்ச்சலில் புத்தி மங்கிக் கிடப்பதைக் குறிக்கும், ‘புகை’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது டைபஸ். ‘டைபஸ் மாதிரி இருப்பது’ என்பதால் இன்னொன்றுக்கு டைபாய்டு என்று பெயர். பெயர்தான் சொந்தம். டைபாய்டு அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருவது. ஸ்க்ரப் டைபஸ் கிருமிக்கு ஓரியன்சியா சுட்சுகாமுஷி என்று பெயர். சுட்சுகாமுஷி என்றால் ஜப்பானிய மொழியில் ‘நோய்ப் பூச்சி’ என்று அர்த்தம். ரிக்கெட்சியா என்ற குடும்பப் பெயருக்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. இந்த வகைக் கிருமிகளைத் தேடிப்போன ஹோவர்ட் ரிக்கெட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், 1910இல் மெக்சிகோவில் டைபஸ் வந்தே இறந்துபோனார்.

இந்தக் கிருமி நம் ரத்தக்குழாய்களின் உள்சுவர் செல்களுக்குள் புகுந்து குடியிருக்கும். குழாய்கள் கசியத் தொடங்கும். நுரையீரலில் கசிந்தால் மூச்சு வாங்கும். மூளையில் என்றால் பிதற்றல், வலிப்பு. கல்லீரல், சிறுநீரகம், இதயம் எதையும் விடாது. செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்துகள் கிருமியின் வெளிச்சுவரைத் தாக்குபவை. செல்லுக்குள் ஒளிந்திருக்கும் இந்தக் கிருமியிடம் அவற்றின் ஜம்பம் சாயாது. அம்மாவுக்கு அந்த ஐந்து ஊசியும் தண்ணீர் மாதிரிதான் இறங்கியிருக்கும். டாக்ஸிசைக்ளின் அப்படியல்ல, செல்லுக்குள் போய் வேலை செய்யும். ஆரம்பத்தில் கொடுத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் விட்டுவிடும். மாத்திரை ஒன்று சில ரூபாய். நாளைக்கு இரண்டு, ஏழு நாள். கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கே வயிறு எரிகிறது; உங்கள் வளையல்கள் போனது மருந்துக்காக அல்ல, மருந்தைப் பற்றி யாரும் நினைக்காத அந்த ஆறு நாளுக்காக.

இரண்டு மருந்து சேர்த்துப் போட்டது பில் ஏற்ற அல்ல. மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் இறங்குதல் என்று முற்றிய நிலையில் வருகிறவர்களுக்கு எது நல்லது என்று இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில் 794 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. வேலூர் சிஎம்சி டாக்டர்கள் முன்நின்று நடத்தியது, 2023இல் வெளிவந்தது. டாக்ஸிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று பிரிவு. சாவு, விடாத காய்ச்சல், நீடிக்கும் சிக்கல்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், தனித்தனியாகக் கொடுத்தவர்களில் 47, 48 சதவீதம். சேர்த்துக் கொடுத்தவர்களில் 33 சதவீதம். அந்த இரவுப் பணி டாக்டர் இதைப் படித்திருக்கிறார். அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள். எங்களுக்கு அது அரிதாகத்தான் வரும்.

முதல் டாக்டர் மீது கேஸ் போடலாமா?

இதற்குப் பதில் சொல்வதற்கு முன் என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பதிலில் அதன் சாயல் இருக்கும், நீங்கள் கழித்துக்கொள்ளலாம். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு, செங்கல் சூளையில் வேலை செய்த ஒரு பெண் பத்து நாள் காய்ச்சலோடு வந்தார். மலேரியாவுக்குக் கொடுத்தோம், டைபாய்டுக்குக் கொடுத்தோம். நான்காம் நாள் இறந்துபோனார். உடம்பைத் துடைத்த ஆயா அம்மா, “டாக்டர், மார்புக்கடியில் இது என்ன?” என்று கேட்டபோதுதான் பார்த்தேன். கறுப்புப் பொருக்கு. நாலு நாளும் நான் அவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்திருக்கிறேன், புடவைக்கு மேலேயே. கூச்சம் அவருக்கு மட்டும் இல்லை, எனக்கும் இருந்தது. அன்றிலிருந்து விடாத காய்ச்சலோடு வரும் யாரையும், நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழுக்கப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

சரி, உங்கள் விஷயம். மூன்றாம் நாள் காய்ச்சலில் எந்த டாக்டருக்கும் இது டெங்குபோல, வைரஸ் காய்ச்சல்போலத்தான் தெரியும். அதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்றாம் நாளில் எடுத்த வைடாலை நம்பி டைபாய்டு என்று முடிவு கட்டியது பலவீனமான இடம். அந்தப் பரிசோதனை பொதுவாக இரண்டாம் வாரத்தில்தான் பேசும், நம் ஊரில் பழைய தொற்றாலும் தடுப்பூசியாலும் பொய்யாகவும் பேசும். அதைவிடப் பெரிய சறுக்கல், ஊசி போட்டு மூன்று நான்கு நாளாகியும் காய்ச்சல் அசையாதபோது ‘வேறு ஏதாவது இருக்குமோ’ என்று திரும்பிப் பார்க்காதது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2015இலேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது: காரணம் தெரியாத காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால், பொருக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரிக்கெட்சியா நோயைச் சந்தேகிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்க வேண்டும். கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை ரத்தத்தில் தேடும் ஐஜிஎம் எலைசா பரிசோதனை முதல் சில நாளில் ‘இல்லை’ என்றே சொல்லும் என்பதால்தான் இந்த வரி.

உங்கள் உரிமைகள் இவை. சிகிச்சைப் பதிவேடுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகள் சொல்கின்றன. கிளினிக், மருத்துவமனை இரண்டிலும் கேட்டு வாங்குங்கள். கேஸ் போடாவிட்டாலும் வாங்குங்கள். மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் நோயைத் தப்பாகக் கணித்தார் என்பது மட்டும் அங்கே நிற்காது. அவர் நிலையில் உள்ள ஒரு சராசரி டாக்டர் செய்திருக்க வேண்டியதைச் செய்யவில்லை என்று காட்ட வேண்டும், அதற்கு இன்னொரு டாக்டரின் கருத்து வேண்டும். செலவும் அலைச்சலும் உங்கள் பக்கம்.

என் யோசனை வேறு. பெரிய மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் நகலை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். சண்டைக்கு அல்ல. “டாக்டர், அம்மாவுக்கு ஸ்க்ரப் டைபஸ் இருந்தது, இடுப்பில் பொருக்கு இருந்தது” என்று காட்டுங்கள். அவரிடம் தினமும் வருகிற காய்ச்சல்காரர்களில் அடுத்தவரின் பாவாடை முடிச்சை அவர் பார்ப்பார். உங்களை மரியாதை இல்லாமல் துரத்தினால், புகார் வழி திறந்தே இருக்கிறது. உங்கள் கோபத்தை நான் தப்பு என்று சொல்லவில்லை.

அதே நகலோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போய்ச் சொல்லுங்கள். தனியாரில் கண்டுபிடிக்கப்பட்ட நோய் அவர்கள் காதுக்குப் போகாமலே போய்விடுகிறது. எத்தனை பேருக்கு வருகிறது என்று யாரும் சரியாக எண்ணியதில்லை என்பதுதான் இந்த நோயின் பெரிய சாபம். தமிழ்நாட்டில் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரை 2020 முதல் இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்தபோது, ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் அளவுக்குத் தொற்று வந்துபோவது தெரிந்தது. பெரும்பாலோருக்குக் காய்ச்சல்கூட வருவதில்லை. வருகிறவர்களில் சிலர் உங்கள் அம்மாவைப் போல ஐசியூவுக்குப் போகிறார்கள். வடக்கே கோரக்பூரில் வருடா வருடம் குழந்தைகள் மூளைக்காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள்; ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே வெகுகாலம் பேசப்பட்டது. தடுப்பூசி போட்ட பிறகும் நிற்காமல் தேடியபோதுதான் அதில் பெரும்பங்கு ஸ்க்ரப் டைபஸ் என்று தெரிந்தது. டெங்குவுக்குக் கொசு ஒழிப்பு ஆட்கள் தெருத் தெருவாக வருகிறார்கள். ஏரிக்கரையில் உட்காரும் பெண்களுக்கு வரும் நோய்க்கு அப்படி யாரும் வருவதில்லை.

அடுத்த முறை காய்ச்சல் வந்தால்

ஒரு முறை வந்தால் மறுபடி வராது என்று நினைக்காதீர்கள். இந்த நோய்க்கு நீடித்த எதிர்ப்புச் சக்தி வருவதில்லை, தடுப்பூசியும் இல்லை. ஆடி ஆவணியில் தொடங்கி, மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் உச்சத்துக்குப் போகும்.

பொருக்கைத் தேட டாக்டர் வேண்டியதில்லை, மகள் போதும். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் அம்மாவை நல்ல வெளிச்சத்தில் நிறுத்திப் பாருங்கள்: அக்குள், மார்புக்கடி, இடுப்பு முடிச்சு, தொடை இடுக்கு, பிட்டம், முதுகு, காதுக்குப் பின்னால், தலைமுடி எல்லை. ஆண்களுக்கு விரைப்பையிலும் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்து, சுற்றிச் சிவந்து இருக்கும், அமுக்கினால் வலிக்காது. வியர்வை தங்கும் மடிப்புகளில் கறுப்பு இல்லாமல் சின்ன வெளிர் புண்ணாக மட்டும் இருக்கலாம். பக்கத்தில் நெறி கட்டியிருந்தால் இன்னும் உற்றுப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பொருக்கே இருக்காது. அதனால் இல்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ஐந்து நாள் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்: “இது ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா?” கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, பேச்சு தடுமாறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ நாள் எண்ணிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், சேர்க்கும்போதே காப்பீட்டு மேசையில் காட்டுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு தேடி எடுத்துப் பயனில்லை.

அம்மா புல் அறுப்பதை நிறுத்த வேண்டும் என்கிறீர்கள். மாடு இருக்கும்வரை அவர் நிறுத்த மாட்டார், உங்களுக்கே தெரியும். முழுக்கைச் சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொள்ளட்டும். தரையில் உட்காராமல் பழைய சாக்கை விரித்து உட்காரட்டும். கொசுவுக்குத் தடவும் களிம்பைக் காலிலும் இடுப்பிலும் தடவிக்கொள்ளலாம். வீடு திரும்பியதும் கட்டியிருந்த புடவையோடு படுக்காமல், அழுத்தித் தேய்த்துக் குளித்து, துணியை மாற்றிவிட வேண்டும். பூச்சி கடித்து ஊன்றிக்கொள்ளும் முன் குளிப்பது பெரிய காவல். துவைத்த துணியைப் புதரின் மேலோ புல்லின் மேலோ காயப்போடாமல் கொடியில் போடுங்கள். வீட்டைச் சுற்றி முளைத்ததை வெட்டி, விறகுக் குவியலைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். எலி குறைந்தால் பூச்சி குறையும். ஏரிக்கரையையே கொளுத்திவிடலாம் என்று உங்கள் தம்பி சொன்னாராம். அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. பெரிய காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் அம்மாவுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டலாம். பயப்பட வேண்டாம், திரும்ப வளரும். அசதி சில வாரம் இருக்கும். ஆனால் ‘கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அசதி என்று விட்டுவிடாதீர்கள். இந்தக் காய்ச்சல் சிலருக்குக் காதைத் தொடும். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் என்றாலும், அரசு மருத்துவமனை காது மூக்குத் தொண்டைப் பிரிவில் இந்த வாரமே ஒருமுறை காட்டிவிடுங்கள்.